வாங்க ஒரு படி, கொடுக்க ஒரு படி

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

நம்மைப் போன்ற கடைக்காரர்களை நேராகப் பார்த்துப் பேசுவதுபோல் திருமறையிலே ஓர் அத்தியாயம் இருக்கிறது. எண்பத்து மூன்றாவது அத்தியாயமாகிய ஸூரத்துல் முதஃப்பிஃபீன் அது. பிறரிடம் அளந்து வாங்கும்போது நிறைவாக வாங்கிக்கொண்டு, பிறருக்கு அளந்து கொடுக்கும்போது குறைத்துக் கொடுப்பவர்களுக்குக் கேடுதான் என்பது அதன் தொடக்கக் கருத்து. வாங்க ஒரு படி, கொடுக்க ஒரு படி என்று இரண்டு படி வைத்திருக்கும் வியாபாரியின் கல்லாவில் பரக்கத் தங்காது என்று நம் பெரியவர்கள் சொல்லி வந்ததெல்லாம் இந்தத் திருவசனத்தின் சாரமே.

இந்த வசனத்தை மளிகைக் கடையோடு நிறுத்திவிடுகிறோம். ஆனால் உலகம் முழுவதும் ஒரு பெரிய பஜார். அங்கேயும் தராசு உண்டு, படி உண்டு, வாக்குறுதி உண்டு, கடன் பத்திரம் உண்டு. அந்தப் பஜாரிலே பெரிய முதலாளிகள் எப்படி அளக்கிறார்கள் என்பதையும், அதிலே நம் கடமை என்ன என்பதையும் இன்று சிறிது சிந்திப்போம். நான் குறிப்பிடுவது அணு ஆயுதம் என்ற விவகாரத்தை.

ஒரு கிலோவுக்கும் குறைந்த சரக்கு

1945ம் ஆண்டு ஆகஸ்டு 6ம் தேதி காலையில் ஜப்பானின் ஹிரோஷிமா நகரத்தின்மேல் அமெரிக்க விமானம் ஒன்று குண்டு போட்டது. அந்தக் குண்டிலே இருந்த யுரேனியம் சுமார் 64 கிலோ. அதிலும் உண்மையாகவே பிளந்து வெடித்தது ஒரு கிலோவுக்கும் குறைவு. நாம் தினமும் காகிதப் பையிலே கட்டிக் கொடுக்கிறோமே ஒரு கிலோ சர்க்கரை, அந்த எடைகூட இல்லை! அதனால் அந்த ஆண்டு முடிவதற்குள் ஹிரோஷிமாவிலே மாண்டவர்கள் சுமார் 1,40,000 பேர். மூன்று நாள் கழித்து நாகசாக்கியிலே போட்ட குண்டுக்கு அதே காலத்தில் பலியானவர்கள் சுமார் 70,000 பேர். பள்ளிக்குப் போன பிள்ளை, கடை திறக்க வந்த கிழவர், பிரசவத்துக்குக் காத்திருந்த தாய் என்று யாரையும் அந்த நெருப்பு பிரித்துப் பார்க்கவில்லை.

இது எங்கோ தூர தேசத்து ஜப்பானியர் கதை என்று எண்ணிவிடாதீர்கள். ஜப்பானியர் மலாயாவை ஆண்ட காலத்தில், இங்கிருந்து சில இளைஞர்களைப் படிப்பதற்காகத் தங்கள் நாட்டுக்கு அனுப்பினார்கள். அவர்களிலே மூன்று முஸ்லிம் வாலிபர்கள் குண்டு விழுந்த காலத்தில் ஹிரோஷிமாவில் மாணவர்களாக இருந்தார்கள். நிக் யூசுப் என்பவர் ஹிரோஷிமாவிலேயே மரணமடைந்தார். சையித் உமர் அல்சகாப் என்பவர் ஊர் திரும்பும் வழியில், கதிர்வீச்சு நோய் முற்றி, கியோட்டோ நகரில் மௌத்தானார். இருவருடைய கபுருகளும் இன்றும் ஜப்பான் மண்ணில்தான் இருக்கின்றன. மூன்றாமவராகிய அப்துல் ரசாக் அப்துல் ஹமீது தப்பிப் பிழைத்து, நாடு திரும்பி, ஆசிரியப் பணி செய்து, 2013ம் ஆண்டு வரை வாழ்ந்து மறைந்தார். ஆகவே அந்த நெருப்பு கலிமாச் சொன்னவனையும் சுட்டது, சொல்லாதவனையும் சுட்டது.

மார்க்கம் சொல்வது என்ன?

ஒரு பிரயாணத்திலே சஹாபாக்கள் சிலர் ஓர் எறும்புப் புற்றை எரித்துவிட்டார்கள். அதைக் கண்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், இதை எரித்தது யார் என்று கேட்டு, நெருப்பைக் கொண்டு வேதனை செய்யும் உரிமை நெருப்பின் ரட்சகனுக்கே அன்றி வேறு யாருக்கும் இல்லை என்ற கருத்தில் கண்டித்தார்கள். எறும்புகளுக்காக! அந்த நபியின் உம்மத்து நாம். எறும்புப் புற்றுக்கே தடை என்றால், ஒரு நகரத்தை எரிப்பதற்கு எந்த மார்க்கத் தீர்ப்பு அனுமதி கொடுக்கும்?

போரிலே பெண்களையும் குழந்தைகளையும் கொல்லலாகாது என்று நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். கலீபா அபூபக்கர் சித்தீக் (ரலி) அவர்கள் ஷாம் தேசத்துக்குப் படை அனுப்பியபோது, கிழவர்களையும் பெண்களையும் பிள்ளைகளையும் தொடாதீர்கள், கனி தரும் மரத்தை வெட்டாதீர்கள், உணவுக்கு அன்றி ஆடு ஒட்டகத்தை அறுக்காதீர்கள், மடங்களில் வணக்கத்தில் இருப்பவர்களை விட்டுவிடுங்கள் என்று தளபதிக்கு உபதேசம் செய்து அனுப்பினார்கள். மரத்துக்கும் ஆட்டுக்கும் பாதுகாப்புக் கொடுத்த போர்ச் சட்டம் அது.

இங்கே சில சகோதரர்கள் ஒரு கேள்வி கேட்பார்கள். ‘எதிரிகள் அஞ்சும்படி உங்களால் இயன்ற பலத்தைத் தயார் செய்துகொள்ளுமாறு ஸூரத்துல் அன்ஃபாலின் அறுபதாவது வசனம் கட்டளையிடுகிறதே! மற்றவன் குண்டு வைத்திருக்கும்போது முஸ்லிம் வெறுங்கையோடு நிற்பதா?’ என்பார்கள். நியாயமான கேள்விதான். தள்ளிவிடக் கூடியது அல்ல.

இதற்குப் பதில் இரண்டு. முதலாவது, அந்த வசனத்திலே கூறிய பலம் என்பது அம்பெய்யும் திறமை என்று நாயகம் (ஸல்) அவர்களே மூன்று முறை விளக்கம் சொல்லியிருக்கிறார்கள். அம்பு எய்பவன் குறி பார்க்கிறான். எதிரே வாளோடு வருபவன் யார், தண்ணீர்க் குடத்தோடு போகிறவள் யார் என்று அவனுக்குத் தெரியும். வேண்டாம் என்றால் நாணைத் தளர்த்திவிடலாம். அணுகுண்டுக்குக் குறி என்பது ஒரு முழு நகரம். அதன் நஞ்சு காற்றிலே ஏறினால் எல்லைக் கோடும் தெரியாது, பிறக்காத பிள்ளையும் தப்பாது. குறி பார்க்க முடியாத ஆயுதத்தைக் குறி பார்க்கும் ஆயுதத்தோடு சேர்த்து எடை போடுவது சரியான நிறுவை ஆகாது.

இரண்டாவது, அறுபதாவது வசனத்தை ஓதுகிறவர்கள் அறுபத்தொன்றாவது வசனத்துக்கு வருவதற்குள் முஸ்ஹபை மூடிவிடலாகாது. அவர்கள் சமாதானத்தின் பக்கம் சாய்ந்தால் நீரும் அதன் பக்கம் சாய்ந்து, அல்லாஹ்வின் மீது தவக்கல் வைப்பீராக என்பதுதான் அடுத்த வசனத்தின் கட்டளை. பலம் என்பது சமாதானத்துக்குப் போகும் பாதை. அதுவே போய்ச் சேரும் ஊர் ஆகிவிடக் கூடாது.

1998ம் ஆண்டு மே மாதம் இந்தியா பொக்ரானில் 11ம் தேதியும் 13ம் தேதியும் அணுகுண்டுச் சோதனை நடத்தியது. அதே மாதம் 28ம் தேதி பாகிஸ்தான் சாகாய் மலையில் நடத்தியது. இரண்டு தேசத்து வீதிகளிலும் மக்கள் மிட்டாய் கொடுத்துக் கொண்டாடினார்கள். ‘இஸ்லாமிய குண்டு’ என்று அதற்குப் பெயர் சூட்டியவர்களும் உண்டு. சகோதரர்களே! குண்டுக்குக் கத்னா செய்தவர் யார்? அதற்குக் கலிமா சொல்லிக் கொடுத்தவர் யார்? லாகூரிலும் முஸ்லிம் இருக்கிறான், டில்லியிலும் முஸ்லிம் இருக்கிறான். அந்த இரண்டு ஊருக்கும் நடுவே வீசும் காற்று பாஸ்போர்ட் காட்டிவிட்டு வீசுவதில்லை.

எழுதிக் கொடுத்த கடன்

இனி, உலகத்திலே சமாதானத்துக்காக நடந்த முயற்சிகளைப் பார்ப்போம். எல்லாம் வீண் என்று அலுத்துக்கொள்பவர்களுக்கு இது தெரிய வேண்டும்.

1954ம் ஆண்டு மார்ச்சு 1ம் தேதி அமெரிக்கா பிகினித் தீவிலே ஒரு நீரியல் குண்டை வெடித்தது. ஹிரோஷிமா குண்டைப் போல் சுமார் ஆயிரம் மடங்கு வலிமை. அபாய எல்லை என்று அறிவித்த இடத்துக்கு வெளியே மீன் பிடித்துக்கொண்டிருந்த ஒரு ஜப்பானியப் படகின்மேல் நச்சுச் சாம்பல் கொட்டியது. படகிலே இருந்த 23 பேரும் நோயுற்றார்கள். அவர்களில் ஒருவர் அந்த ஆண்டே இறந்தார். ஜப்பானிய மீன் வியாபாரிகள் நஞ்சேறிய சூரை மீனை விற்க முடியாமல் குழி தோண்டிப் புதைத்தார்கள். வலை வீசியவனும் வியாபாரியும் செய்த குற்றம் என்ன? அடுத்த மாதமே இந்தியப் பிரதமர் நேரு அவர்கள் சோதனைகளை நிறுத்தி வைக்க வேண்டும் என்று கோரினார். 1955ல் இந்தோனேசியாவின் பாண்டுங் நகரில் கூடிய ஆசிய ஆப்பிரிக்க மகாநாடு அணு ஆயுதங்களைத் தடை செய்ய வேண்டும் என்று பிரகடனம் செய்தது. 1962ல் நம் தமிழகத்து ராஜாஜி அவர்கள், 83 வயதில், வாஷிங்டனுக்கே போய் ஜனாதிபதி கென்னடியிடம் சோதனைகளை நிறுத்துமாறு வாதாடினார்.

அதே ஆண்டு அக்டோபரில் கியூபா விவகாரத்தால் உலகம் சர்வநாசத்தின் விளிம்புக்குப் போய் மீண்டது. அதன் பிறகுதான் புத்தி வந்தது. 1963ல் வானிலும் விண்வெளியிலும் கடலடியிலும் குண்டுச் சோதனை கூடாது என்று மாஸ்கோவில் ஒப்பந்தம் ஆயிற்று. 1968ல் அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தம் கையெழுத்துக்கு வந்தது. 1970ல் அது அமுலுக்கு வந்தது.

இந்த ஒப்பந்தத்தைத்தான் நம் தராசிலே வைத்துப் பார்க்க வேண்டும். அதன் சரத்து வியாபாரிக்கு எளிதிலே விளங்கும். அமெரிக்கா, ரஷ்யா, பிரிட்டன், பிரான்சு, சீனா ஆகிய ஐந்தும் ஒரு பக்கம். மற்ற தேசங்களெல்லாம் இன்னொரு பக்கம். ‘நாங்கள் குண்டு செய்ய மாட்டோம்’ என்று மற்றவர்கள் எழுதிக் கொடுத்தார்கள். ‘நாங்கள் எங்கள் குண்டுகளை ஒழிப்பதற்கு நல்லெண்ணத்தோடு பேச்சு நடத்துவோம்’ என்று ஐவரும் ஆறாவது விதியிலே எழுதிக் கொடுத்தார்கள். மற்றவர்களிலே மிகப் பெரும்பாலோர் தங்கள் சரக்கை அன்றே ரொக்கமாக அளந்து கொடுத்துவிட்டார்கள். ஐவர் எழுதியதோ தவணைச் சீட்டு. அதிலே தேதி போடவில்லை!

1996ல் உலக நீதிமன்றம், அந்தப் பேச்சு வார்த்தையை நடத்துவது மட்டுமன்றி அதை முடித்துக் காட்டுவதும் கடமை என்று நீதிபதிகள் அனைவரும் ஒருமனதாகக் கருத்துரைத்தது. அந்தக் கருத்தை அமுல்படுத்த வேண்டும் என்ற தீர்மானத்தை ஐக்கிய நாட்டுச் சபைக்குத் தொடர்ந்து கொண்டு சென்றது நம் மலேசியா என்பதை நினைத்து நாம் பெருமைப்படலாம். கடன்காரன் மறந்தாலும் சீட்டை எடுத்து நீட்டுவது கொடுத்தவன் உரிமை அல்லவா?

நியாயமாகப் பேசினால், கடனிலே ஒரு பகுதி அடைபட்டதையும் சொல்ல வேண்டும். 1986ம் ஆண்டு வாக்கில் உலகத்திலே சுமார் 70,000 அணு ஆயுதங்கள் இருந்தன. 2025ம் ஆண்டுத் தொடக்கத்தில் அவை சுமார் 12,200 ஆகக் குறைந்திருந்தன. 1987ல் ரீகனும் கோர்பச்சேவும் செய்த உடன்படிக்கையினால் மட்டும் 2,692 ஏவுகணைகள் அழிக்கப்பட்டன. ஒருவர் கிடங்கை மற்றவர் அதிகாரிகள் திறந்து பார்த்து, எண்ணி, முத்திரை வைத்தார்கள். அளவை அதிகாரி கடைக்கு வந்து தராசைச் சோதிப்பதைப் போல! சோதிப்பது சந்தேகம் அல்ல, அமானத்துக்குக் காவல். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிச் சாட்சி வைக்குமாறு சொல்லும் வசனம்தான் திருமறையிலேயே மிக நீளமான வசனம் என்பது நாம் அறிந்ததே.

ஆனால் பழைய கடன் முடிவதற்குள் புதுச் செலவு தொடங்கிவிட்டது. 1987ம் ஆண்டு உடன்படிக்கை 2019ல் முறிந்து போயிற்று. அமெரிக்காவும் ரஷ்யாவும் 2010ல் செய்துகொண்ட உடன்படிக்கைக்கு 2026 பிப்ரவரி 5ம் தேதி வரைதான் ஆயுள். 2024ம் ஆண்டு ஒன்றிலே மட்டும் ஒன்பது அணு ஆயுத தேசங்களும் இந்த ஆயுதங்களுக்காகச் செலவிட்டது சுமார் 10,000 கோடி அமெரிக்க டாலர் என்று அணு ஆயுத ஒழிப்புக்கான சர்வதேச இயக்கம் கணக்குச் சொல்கிறது. யாரும் வாங்கக் கூடாத சரக்கு. விற்றாலும் நஷ்டம், வெடித்தாலும் நஷ்டம். இப்படிப்பட்ட சரக்குக்கு முதல் போடும் வியாபாரியை நம் பஜாரிலே என்னவென்று சொல்வோம்?

தானாக இறக்கி வைத்தவர்கள்

கையிலே வந்த குண்டை யாராவது விடுவார்களா என்று கேட்கலாம். விட்டார்கள். தென்னாப்பிரிக்கா ஆறு குண்டுகளைச் செய்து முடித்துவிட்டு, அவற்றைத் தானே பிரித்து அழித்து, 1993ல் உலகத்துக்கு அறிவித்தது. முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் கஜகஸ்தானின் செமிபலாத்தின்ஸ்க் பகுதியில் சோவியத் அரசு 1949 முதல் 1989 வரை 456 சோதனைகளை நடத்தியிருந்தது. அந்த ஜனங்கள் நோயாலும் ஊனமாகப் பிறந்த பிள்ளைகளாலும் பட்ட துயரம் சொல்லி முடியாது. 1991 ஆகஸ்டு 29ம் தேதி அந்த மைதானம் மூடப்பட்டது. சோவியத் கலைந்தபோது சுமார் 1,400 அணு ஆயுதங்கள் கஜகஸ்தான் மண்ணிலே இருந்தன. அத்தனையும் 1995க்குள் ரஷ்யாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டன. அதே 1995ல் நம் தென்கிழக்காசியாவின் பத்து தேசங்களும் பாங்காக்கில் கூடி, இந்தப் பிரதேசத்தில் அணு ஆயுதம் கூடாது என்று உடன்படிக்கை செய்துகொண்டன.

நாயகம் (ஸல்) அவர்களுக்கு நுபுவ்வத் கிடைப்பதற்கு முன்பு மக்காவிலே நடந்த ஒரு சம்பவம் இங்கே நினைவுக்கு வருகிறது. எமன் தேசத்து வியாபாரி ஒருவர் சரக்குக் கொண்டுவந்தார். மக்காப் பிரமுகன் ஒருவன் அதை வாங்கிக்கொண்டு விலை கொடுக்க மறுத்தான். அந்நியருக்கு நாதி இல்லை. அவர் குன்றின்மேல் ஏறி நின்று முறையிட்டார். அதைக் கேட்டு மனம் பொறாத சில குலத்தார் அப்துல்லாஹ் இப்னு ஜுத்ஆன் வீட்டிலே கூடி, அநியாயம் செய்யப்பட்டவன் யாராயினும் அவன் பக்கம் நிற்போம் என்று சத்தியம் செய்தார்கள். ‘ஹில்ஃபுல் ஃபுளூல்’ என்பது அதன் பெயர். இளைஞராக அதிலே பங்குகொண்ட நாயகம் (ஸல்) அவர்கள், பிற்காலத்தில், இஸ்லாம் வந்த பிறகும் அப்படி ஓர் உடன்படிக்கைக்கு அழைத்தால் நான் வருவேன் என்ற கருத்தில் சொன்னார்கள். அந்த சபையிலே கூடியவர்கள் முஸ்லிம்கள் அல்லர். நியாயத்துக்காகக் கூடியவர்கள். நம் வியாபாரிக்கு இதைவிட நல்ல முன்மாதிரி எது?

2017 ஜூலை 7ம் தேதி ஐக்கிய நாட்டுச் சபையில் அணு ஆயுதத் தடை உடன்படிக்கையை 122 தேசங்கள் ஆதரித்து நிறைவேற்றியதை நான் இந்த ஹில்ஃபுல் ஃபுளூலோடுதான் ஒப்பிடுவேன். பெரிய முதலாளிகள் ஒருவரும் அங்கே வரவில்லை. நெதர்லாந்து எதிர்த்தது, சிங்கப்பூர் நடுநிலை வகித்தது. சின்னஞ்சிறு தேசங்கள் கூடிக் கை கோத்தன. மலேசியா 2020ல் அதை உறுதிப்படுத்தியது. 2021 ஜனவரி 22ம் தேதி அது சர்வதேசச் சட்டமாக அமுலுக்கு வந்தது. இதற்கெல்லாம் அடித்தளம் போட்டவர்கள் ஹிரோஷிமா, நாகசாக்கியில் வெந்து பிழைத்த மனிதர்கள். 1956ல் அவர்கள் தொடங்கிய சங்கத்துக்கு 2024ம் ஆண்டு நோபல் சமாதானப் பரிசு கிடைத்தது. அறுபத்தெட்டு ஆண்டுகள் ஒரே சொல்லைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஸபூர் என்பதற்கு இதுவும் ஓர் உதாரணம்.

ஹுதைபியாவின் பாடம்

ஒப்பந்தம் என்பது வெறும் காகிதம்தானே என்று இகழ்பவர்கள் ஹுதைபியாவை மறந்தவர்கள். ஹிஜ்ரி ஆறாம் ஆண்டு, உம்ராவுக்குப் போன சுமார் 1,400 பேரை மக்கத்தார் தடுத்தார்கள். பத்தாண்டுச் சமாதானம் எழுதப்பட்டது. சரத்துகள் பார்வைக்கு நமக்குப் பாதகம். ‘அல்லாஹ்வின் தூதர்’ என்ற சொல்லையே எதிரியின் பிரதிநிதி சுஹைல் ஏற்கவில்லை. அதை அழித்துவிட நாயகம் (ஸல்) அவர்கள் சம்மதித்தார்கள். அந்த நேரத்திலே சுஹைலின் மகன் அபூ ஜந்தல் (ரலி) அவர்கள் கால் விலங்கோடு தப்பி ஓடிவந்து, என்னைக் காப்பாற்றுங்கள் என்று கதறினார்கள். சஹாபாக்கள் துடித்தார்கள். உமர் (ரலி) அவர்களுக்குப் பொறுக்கவில்லை. ஆனாலும், வாக்குக் கொடுத்தாயிற்று, அதற்குத் துரோகம் செய்ய மாட்டோம், அல்லாஹ் உமக்கு வழி திறப்பான் என்று ஆறுதல் சொல்லி நாயகம் (ஸல்) அவர்கள் அவரைத் திருப்பி அனுப்பினார்கள். இரண்டே ஆண்டுகளில் 10,000 பேரோடு மக்காவுக்குள் நுழைந்தபோது, பெரிய யுத்தம் இல்லாமலே வெற்றி கிடைத்தது. கசந்த ஒப்பந்தத்தைக் காப்பாற்றியவர்களுக்கு அல்லாஹ் கொடுத்த லாபம் அது.

நம் கையிலே இருப்பது

‘வல்லரசுகள் விஷயத்தில் கடைக்காரன் என்ன செய்ய முடியும்?’ என்று கேட்பீர்கள். முதலில், நம்மிடம் இருக்கும் இரண்டு படியில் ஒன்றை உடைத்துப் போடலாம். அவன் குண்டு அநியாயம், நம்மவன் குண்டு வீரம் என்று பேசுவது வாங்க ஒரு படி, கொடுக்க ஒரு படிதான். எந்தக் கொடியின் கீழ் இருந்தாலும் இது ஹராமான சரக்கு என்று ஒரே நிறுவையில் சொல்லப் பழக வேண்டும். கடையிலே உட்கார்ந்து பத்திரிகை படித்துக்கொண்டு, ‘ஒரு குண்டு போட்டால் எல்லாம் அடங்கும்’ என்று சொல்கிறோமே, பக்கத்திலே நம் பிள்ளை கேட்டுக்கொண்டிருக்கிறான். அந்தப் பேச்சை இன்றோடு நிறுத்துவோம். யாராவது சொன்னால், அந்த ஊரிலும் ஒரு கடைக்காரன் கடை திறந்திருப்பான் என்று அன்பாக எடுத்துச் சொல்வோம்.

இரண்டாவது, ஆகஸ்டு முதல் வாரத்திலே வரும் ஜும்ஆவில், ஜப்பானில் மாண்ட நம் இரு மாணவர்களுக்கும், பெயர் தெரியாத அத்தனை பேருடைய துயரத்துக்கும் நம் ஜமாஅத்துகளில் நினைவு கூரச் சொல்வோம். பிள்ளைகளுக்கு அந்த வரலாற்றைச் சொல்வோம். மூன்றாவது, பங்காளிச் சண்டையிலே கோர்ட்டு வாசலில் நிற்கும் சகோதரர்கள் நம்மிடையே உண்டு. பத்து அடி வாடகைக் கடைக்காக ஒரு வயிற்றுப் பிள்ளைகள் ஸலாம் சொல்லாமல் போகிறார்கள். வீட்டுக்குள்ளே ஹுதைபியா செய்ய இயலாதவர்கள், தேசங்கள் சமாதானம் செய்யவில்லையே என்று குறை சொல்வதில் பொருள் இல்லை.

அல்லாஹ் வானத்தை உயர்த்தி, மீஸானை நிறுத்தி, அந்த நிறுவையில் வரம்பு மீறாதீர்கள் என்று ஸூரத்துர் ரஹ்மானில் எச்சரிக்கிறான். வானத்தையும் தராசையும் ஒன்றாகச் சேர்த்துச் சொன்னதன் தாத்பரியத்தை எண்ணிப் பாருங்கள். தராசு கோணினால் வானத்தின் கீழ் இருப்பது எதுவும் நிலைக்காது. மஹ்ஷரிலே வல்லரசுக்குத் தனித் தராசு, பெட்டிக் கடைக்காரனுக்குத் தனித் தராசு என்று இருக்கப் போவதில்லை. ஒரே மீஸான்தான்.

யா அல்லாஹ்! அதிகாரம் படைத்தோர் நெஞ்சிலே உன் அச்சத்தைப் போடுவாயாக! எழுதிக் கொடுத்ததை நிறைவேற்றும் நாணயத்தை அவர்களுக்குக் கொடுப்பாயாக! எங்கள் நாவையும் தராசையும் நேராக்கி வைப்பாயாக! உலக மக்கள் அனைவருக்கும் சாந்தியையும் சமாதானத்தையும் அருள்வாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாம்.